புல் வென்ற பங்கு

‘பாய்காட்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்று விளக்கம் தேவையில்லை. அது ஒரு மனிதரின் பெயர் என்பதும் பலருக்குத் தெரிந்ததே. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ கவுண்டியில், எர்ன் என்ற பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் சார்ல்ஸ் பாய்காட். 1880-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஊரே சேர்ந்து அவரை ஒதுக்கிவைத்தது. அவருடைய பெயர் வினைச்சொல் ஆகிவிட்டது. வினாடி வினாவுக்கு இவ்வளவு போதும்.

எனக்கு இந்தக் கதையில் நெருடிக்கொண்டே இருப்பது ஒரு சின்னக் கணக்கு. அந்த நிலங்களிலிருந்து பிரபுவுக்கு வரவேண்டிய குத்தகை ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பவுண்டு. விளைச்சல் பொய்த்ததால் அவர் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார். குடியானவர்கள் இருபத்தைந்து கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவே நின்ற தொகை 75 பவுண்டு. அந்தத் தகராறு முற்றி, கடைசியில் ஒரு கிழங்குக் காட்டைக் காவல் காக்க ஆயிரம் பேர் அளவில் துருப்புகளும் போலீசாரும் வந்து கூடாரம் அடித்தார்கள். அரசுக்கு ஆன செலவு குறைந்தது 10,000 பவுண்டு, அதாவது அந்த நிலங்களின் இருபது ஆண்டுக் குத்தகை. எழுபத்தைந்து பவுண்டுக்காக எந்த ஊரும் இப்படிக் கிளம்பாது. அந்த மண்ணையும் அது கைமாறிய விதத்தையும் பார்த்தால்தான் இந்தக் கணக்கு பிடிபடும்.

ஊரின் பெயர் நீல். ஐரிஷ்காரர்கள் முன்னால் ‘தி’ சேர்த்துத் ‘தி நீல்’ என்பார்கள். நம் நீலத்துக்கும் அதற்கும் உறவில்லை. அங்கே கண்ணில் படுவதெல்லாம் பச்சையும் சாம்பலும்தான். பாலின்ரோப் என்ற சந்தை ஊருக்கும், பழைய மடாலயம் இருக்கும் காங் என்ற ஊருக்கும் நடுவே அது இருக்கிறது. ஒரு பக்கம் மாஸ்க் ஏரி, தெற்கே கோரிப் ஏரி. மாஸ்க் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி பார்ட்ரி மலைகள் எழுகின்றன. அங்கே மண் கறுப்பு, ஈரம், புளிப்பு. அதைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கலாம், பயிர் வைத்துப் பிழைப்பது கடினம். கிழக்குக் கரைக்கு வந்தால் காட்சி மாறிவிடும். அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே மண் ஆழமில்லை, ஆனால் புல்லுக்கு அதைவிட நல்ல மண் வேண்டியதில்லை. சுண்ணாம்பு நிலத்தில் மேய்ந்த கன்றுக்கு எலும்பு உறுதி என்பது அங்கே மாடு வளர்ப்பவர்கள் சொல்லிக்கொள்வது. ஆண்டு முழுவதும் மழை, கடும் பனி அபூர்வம். புல் அதன் பாட்டுக்கு வளரும்.

வயல்களைச் சுற்றியுள்ள கற்சுவர்களைச் சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றை யாரும் அழகுக்காகக் கட்டவில்லை. உழுவதற்கு முன் வயலில் கிடந்த கல்லைப் பொறுக்கி எங்காவது போட்டாக வேண்டும், வரப்பில் அடுக்கினார்கள். சாந்து கிடையாது. காற்று இடுக்கில் புகுந்து வெளியேறுவதால் புயலில் விழாது. ஒரு சுவர் விழுந்தால் அதே கல்லை வைத்து மறுபடி அடுக்குவார்கள். ஆகவே அந்த ஊரில் ஒரு சுவருக்கு வயது சொல்வது சிரமம். அது எந்தப் பிரபுவின் காலத்தில் எந்தப் பாகப்பிரிவினைக்காக எழுந்தது என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

அந்தப் பாறைக்கு இன்னொரு குணம் உண்டு. மாஸ்க் ஏரியின் நீர் கோரிப் ஏரிக்கு ஆறாக ஓடிப் போவதில்லை. பாறை இடுக்குகளில் புகுந்து, நிலத்தடியிலேயே நடந்து, காங் ஊரில் ஊற்றாகக் கொப்பளிக்கிறது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக இரு ஏரிகளையும் இணைத்துப் படகுப் பாதை ஒன்றை வெட்டத் தொடங்கினார்கள். பட்டினி கிடந்தவர்கள் கல்லை உடைத்தார்கள். மதகுகள் கூடக் கட்டினார்கள். 1854-இல் வேலையைக் கைவிட்டார்கள். கோடையில் அந்தக் கால்வாயில் தண்ணீர் நிற்பதில்லை, பாறை குடித்துவிடுகிறது. இன்றும் செதுக்கிய கரைகளோடு வறண்டு கிடக்கிறது.

கத்தோலிக்கத் தமிழில் ‘பாரிஷ்’ என்பதைப் பங்கு என்கிறோம். அதன் குரு பங்குத்தந்தை. நிலத்தைப் பிரித்துக்கொள்வதற்கும் அதே சொல் என்பது இந்தக் கட்டுரைக்கு ஒரு வசதி. ஆனால் அயர்லாந்தில் பங்கு இரண்டு வகை. இடைக்காலத்திலிருந்து வந்தது சிவில் பங்கு: அரசு நிலம் அளக்கவும், அரசாங்கச் சபையான புரோட்டஸ்டன்ட் திருச்சபை தசமபாகம் வாங்கவும் பயன்பட்ட எல்லை. நீல் ஊர் இருக்கும் சிவில் பங்கின் பெயர் கில்மொலாரா. கத்தோலிக்கப் பங்கு வேறு. கத்தோலிக்கர்மேல் இருந்த ஒடுக்குமுறைச் சட்டங்கள் தளர்ந்த பின் சனங்கள் வாழ்ந்த இடங்களை ஒட்டி அமைந்தது. ஒரே மண்ணின்மேல் இரண்டு எல்லைகள்: ஒன்று நிலத்தை எண்ணியது, மற்றொன்று மனிதர்களை எண்ணியது.

இரண்டுக்கும் அடியில் ‘டவுன்லேண்ட்’ என்ற மிகச் சிறிய அலகு இருக்கிறது. பெயரைப் பார்த்து நகரம் என்று நினைக்க வேண்டாம்; பெரும்பாலானவற்றில் நாலைந்து வீடுகளே இருக்கும், சிலவற்றில் வீடே இருக்காது. தீவு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. கில் என்று தொடங்கினால் தேவாலயம் இருந்த இடம், கார்ட் என்றால் வயல், குளூன் என்றால் ஈரப் புல்வெளி. ஆங்கிலேய நில அளவைக்காரர்கள் 1820-களிலும் 30-களிலும் இந்தப் பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் பதிந்தார்கள், அப்படியே உறைந்துவிட்டன. தெருப் பெயரோ கதவு எண்ணோ கிடையாது. ஒரே முகவரியில் ஏழெட்டு வீடுகள் இருக்கும். தபால்காரருக்குத்தான் எது யாருடையது என்று தெரியும். வீட்டுக்கு ஒரு குறியீடு என்ற ஏற்பாடு 2015-இல்தான் வந்தது.

இந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஒரு பதில் இருந்தது. மாஸ்க் ஏரிக் கரையில் பர்க் குலத்தாரின் கோட்டை இடிந்து நிற்கிறது. நார்மன் படையோடு வந்து ஐரிஷ்காரர்களாகவே மாறிவிட்டவர்கள் அவர்கள். பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த பிரவுன் குடும்பம் நீலில் ஊன்றியது. பின்னாளில் கில்மெயின் பிரபுக்கள் என்ற பட்டம் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டுப் போர்களும் இங்கிலாந்துப் படைத்தலைவர் குரோம்வெல்லின் பறிமுதல்களும் முடிந்து, 1703 வாக்கில் கத்தோலிக்கர் கையில் மிஞ்சியது நாட்டின் நிலத்தில் ஏழில் ஒரு பங்கு. பிரவுன் குடும்பத்தார் தங்கள் மாளிகை வளாகத்தில் படிப்படியாக ஏறும் ஒரு கற்பிரமிடு கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் திருப்தியான பதில் கிடையாது. பொழுதுபோகாத பணத்துக்கு மேயோவில் கல்தான் மலிவாகக் கிடைத்தது என்பது என் ஊகம்.

பிரபுக்கள் மேலே. கீழே என்ன நடந்தது? மேற்கு அயர்லாந்தில் குடியானவர்கள் பலர் ‘ரண்டேல்’ என்ற முறையில் நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். வீடுகள் ஒரே கொத்தாக இருக்கும். நல்ல மண்ணில் எல்லோருக்கும் ஒரு துண்டு, நடுத்தர மண்ணில் ஒரு துண்டு, சதுப்பில் ஒரு துண்டு. சில இடங்களில் குலுக்கல் போட்டு அவ்வப்போது மாற்றிக்கொள்வார்கள். மலையில் மேய்ச்சல் பொது. யார் எத்தனை மாடு விடலாம் என்பதற்கு மட்டும் கணக்கு உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் துண்டு மேலும் துண்டாகும். ஒரு துண்டு கையளவு சுருங்கினாலும் உருளைக்கிழங்கு சோறு போட்டது. அந்த ஒரு பயிரை நம்பித்தான் 1841-இல் மேயோவில் 3,88,887 பேர் வாழ்ந்தார்கள். 1845-இல் கிழங்கில் நோய் விழுந்தது. 1851 கணக்கெடுப்பில் 2,74,499 பேர்.

செத்தவர்களும் கப்பலேறியவர்களும் மட்டுமல்ல, விரட்டப்பட்டவர்களும் அந்தக் குறைவில் இருக்கிறார்கள். இங்கே சட்டத்தின் வேலையைக் கவனிக்க வேண்டும். ஆண்டு மதிப்பு 4 பவுண்டும் அதற்குக் குறைவுமான குடித்தனங்களுக்கு ஏழை நிவாரண வரியை நிலப்பிரபுவே கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. பட்டினி பெருகப் பெருக வரி ஏறியது. சின்னக் குடியானவர் இருக்கும் ஒவ்வொரு குடிசையும் பிரபுவுக்குச் செலவுக் கணக்கு ஆயிற்று. 1847-இல் இன்னொரு விதி வந்தது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்குக் கஞ்சி கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடு. வரி மேலிருந்து தள்ள, பசி கீழிருந்து இழுக்க, காலியாகும் நிலத்துக்குச் சந்தையில் மாடும் ஆடும் காத்திருந்தன. கல்லும் சதுப்புமான மலைப்பக்கத்தை வெறுமையாக்கி ஒரு பிரபுவுக்கு ஆகப்போவது குறைவு. சுண்ணாம்புப் புல்வெளியில் கதை வேறு.

பாலின்ரோப் பங்கில் அது நடந்தது. மூன்றாம் லூகன் பிரபு மேயோவில் அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர். 1846-க்கும் 1849-க்கும் இடையே அந்த ஒரு பங்கில் முந்நூறுக்கு மேற்பட்ட குடிசைகளை இடித்து, சுமார் இரண்டாயிரம் பேரை வெளியேற்றினார். நிலம் மேய்ச்சலுக்குப் போயிற்று. கிரிமியப் போரில் இலகு குதிரைப்படையைப் பீரங்கிகளை நோக்கிப் பாயச் சொன்ன உத்தரவைக் கடத்திய குதிரைப்படைத் தளபதி இதே லூகன்தான். அந்தப் பாய்ச்சல் நடந்த பலாக்லாவாவில் மாண்ட வீரர்களைப் பாடினார்கள். பாலின்ரோப் குடிசைகளுக்கு அப்படி ஒரு பாட்டு வாய்க்கவில்லை.

பஞ்சத்தில் பிரபுக்களில் சிலரும் கடனில் மூழ்கினார்கள். கடன்பட்ட எஸ்டேட்டுகளை விற்க 1849-இல் தனி நீதிமன்றம் வந்தது. டப்ளினில் பீர் காய்ச்சிய கின்னஸ் குடும்பம் 1852-இல் காங் ஊரின் ஆஷ்ஃபோர்டு மாளிகையை வாங்கியது. பழைய வாள் பணத்துக்குப் பக்கத்தில் புதிய பீப்பாய்ப் பணம் குடியேறியது.

எர்ன் பிரபுவும் இந்தப் பகுதிக்கு வெளியூர்க்காரரே. வடக்கே ஃபெர்மானாவில் வாழ்ந்தவர். மொத்தம் நாற்பதாயிரம் ஏக்கருக்கு உரிமையாளர். அதில் மேயோவில் இருந்தது இரண்டாயிரம் சொச்சம்தான். அவருக்கு அது ஒரு ஓரத்துச் சொத்து. அதைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பாய்காட் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். சில காலம் படையில் இருந்தவர். அகில் தீவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விவசாயம் செய்துவிட்டு 1873-இல் மாஸ்க் ஏரி மாளிகைக்கு வந்தார். வசூலிக்கும் குத்தகையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு ஊதியம். அத்தோடு எர்ன் பிரபுவிடமே 600 ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்துச் சொந்தப் பண்ணையும் நடத்தினார். இந்த இரண்டாவது விஷயம் பெரும்பாலான கதைகளில் அடிக்குறிப்பாகிவிடுகிறது. என் பார்வையில் அதுதான் மையம். கையளவு நிலத்துக்கு வாரம் முழுவதும் உழைத்த குடியானவர்கள், வேலியின் மறுபக்கம் அறுநூறு ஏக்கரை ஒரே மனிதர் அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பண்ணையில் கூலி வேலை செய்ததும் அவர்களே. வேலித் திட்டி வாசலைத் திறந்து போட்டால் அபராதம், கோழி தாண்டி வந்தால் அபராதம் என்பது அவர்கள் சொன்ன குறை.

1879-இல் மழை கெடுத்த அறுவடை. அந்த ஆண்டு ஏப்ரலில் மேயோவின் ஐரிஷ்டவுனில் பெரும் கூட்டம். அக்டோபரில் டப்ளினில் குடியானவர்களுக்காகப் போராடும் நிலக் கழகம் தொடங்கியது. தலைவர் பார்னெல் ஒரு நிலப்பிரபு, புரோட்டஸ்டன்ட். இயக்கத்தின் மூளையான மைக்கேல் டேவிட் மேயோவில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர். அரசாங்கமே செய்த கிரிஃபித் மதிப்பீட்டின்படி மட்டும் குத்தகை கொடுங்கள் என்று கழகம் சொன்னது. அந்த மதிப்பீட்டுப் பதிவேடு வேடிக்கையானது. டவுன்லேண்ட் வாரியாக, யார் கையில் நிலம், அவருக்கு யார் குத்தகைக்கு விட்டது, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கும். உரிமையாளர் யார் என்று ஒரு பத்தி கிடையாது. குத்தகைக்கு விட்டவரே இன்னொருவரிடம் குத்தகை எடுத்தவராக இருக்கலாம். வரி வசூலிக்க அவ்வளவு தெரிந்தால் போதும். இன்று குடும்ப வரலாறு தேடுபவர்கள் அந்தப் பத்தியில் முட்டி நிற்கிறார்கள்.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் ஊரில் பார்னெல் பேசினார்: விரட்டப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனைச் சாலையில், கடையில், கோயிலில், எங்கும் ஒதுக்கி வையுங்கள். பாய்காட் அப்படி நிலம் பறித்தவர் அல்லர், காரியஸ்தர். ஆனால் மூன்றே நாளில், செப்டம்பர் 22 அன்று, வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் வந்தபோது முதல் சோதனை அவர்மேல் விழுந்தது. மூன்று வீட்டில் கொடுத்ததும் பெண்கள் திரண்டு கல்லும் சாணியும் வீசி நோட்டீஸ்காரரையும் காவலுக்கு வந்த போலீசாரையும் துரத்தினார்கள். மறுநாள் பண்ணை வேலையாட்கள் நின்றுகொண்டார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுப்பவர் வரவில்லை, பாலின்ரோப் கடைக்காரர் சாமான் தரவில்லை. பாய்காட் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வடக்கிலிருந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு விசுவாசமான புரோட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சுக் கழகத்தார் ஐம்பது பேர் கிழங்கு தோண்ட வந்தார்கள். காவலுக்குத்தான் அந்த ஆயிரம் பேர். பதினைந்து நாள் அடைமழையில் சில நூறு பவுண்டு மதிப்புள்ள பயிரைக் கரையேற்றினார்கள். ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்தார்.

சொல்லை உண்டாக்கியவர் நீல் பங்குத்தந்தை ஜான் ஓ’மாலி. ஒதுக்கிவைப்பதற்கு உள்ள கனமான கிரேக்க வழிச் சொல் தம் சனங்களுக்கு விளங்காது என்று அவர் ‘பாய்காட் செய்’ என்பதை முன்மொழிந்ததாக அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதினார். மனிதர்களை எண்ணிய பங்கு, நிலத்தை எண்ணிய பங்கைத் தோற்கடித்த நாள் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. இதை வெறும் அகிம்சைக் கதையாகச் சொல்வது மட்டும் சரியல்ல. செப்டம்பர் 25 அன்று, பக்கத்து ஊரான குளோன்பரில் மவுன்ட்மோரிஸ் பிரபு சுட்டுக் கொல்லப்பட்டார். 1882 ஜனவரியில் கின்னஸ் வாரிசான ஆர்டிலான் பிரபுவின் ஜப்தி ஆளும் அவருடைய பேரனும் கொல்லப்பட்டு, உடல்கள் மாஸ்க் ஏரியில் வீசப்பட்டன. அரசு துருப்புகளை அனுப்பியது கிழங்குக்காக மட்டுமல்ல, பயத்தாலும்தான்.

அடுத்த கட்டம் சட்டங்களின் வரிசை, விரைவாகக் கடந்துவிடலாம். 1881 சட்டம் நியாயக் குத்தகையும், குத்தகை நிலத்தில் நீடிக்கும் உரிமையும் கொடுத்தது, குத்தகையை நிர்ணயிக்க நிலக் கமிஷனை உண்டாக்கியது. 1885-க்குப் பின் அரசு கடன் கொடுத்துக் குடியானவரையே நிலத்தை வாங்க வைத்தது. 1903-இல் வந்த விண்டம் சட்டம் உண்மையான திருப்பம்: பிரபுவுக்கு விலைக்கு மேல் 12 விழுக்காடு ஊக்கத்தொகை, குடியானவருக்கு 68 ஆண்டு சொச்சத்துக்குக் கிஸ்தி. பழைய குத்தகையைவிடக் கிஸ்தி குறைவாக இருந்தது. பிரபுக்கள் மகிழ்ச்சியாகவே விற்றார்கள். தனி நாடான பின் ஐரிஷ் அரசின் தலைவர் டி வலேரா 1932-இல் அந்தக் கிஸ்திப் பணத்தை லண்டனுக்கு அனுப்ப மறுத்தார். பதிலுக்கு பிரிட்டன் ஐரிஷ் மாடுகளுக்குத் தீர்வை போட்டது. நிலம் கைக்கு வந்தது, மாட்டின் விலை விழுந்தது. 1938 வரை இந்த இழுபறி நீண்டது.

நிலக் காட்சியை மாற்றியதும் இந்தச் சட்டங்கள்தான். ரண்டேல் துண்டுகளை ஒன்றுசேர்த்து, சாலையிலிருந்து மலை நோக்கி ஏணிப் படி போல நீள்கோடுகளாக வெட்டிக் கொடுத்தார்கள். கொத்தாக இருந்த வீடுகள் கலைந்து, ஒவ்வொரு நிலத்தின் தலைப்பிலும் ஒன்றாகச் சாலையோரம் வரிசை கட்டின. மேற்கு அயர்லாந்தின் ‘தொன்மையான’ ஒற்றை வீட்டுக் காட்சியில் கணிசமான பகுதிக்கு நூறு, நூற்றைம்பது வயதுதான். ஒரு குமாஸ்தாவின் அளவுகோல் போட்ட கோடு அது. நிலக் கமிஷன் 1999-இல் மூடப்பட்டது. அதன் ஆவணக் குவியல் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமலே இருந்தது. யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதைக் கிளறினால் அக்கம்பக்கத்தில் இன்றும் முகம் திரும்பும் என்ற தயக்கம் அதற்கு ஒரு காரணம் என்றால் நான் நம்புவேன்.

ஆனால் புல் எங்கும் போகவில்லை. 1881 சட்டத்தின் உரிமைகள் தற்காலிகக் குத்தகைக்குப் பொருந்தாது. ஆகவே மேய்ச்சல் நிலத்தைப் பதினொரு மாதத்துக்கு மட்டும் விடும் தந்திரம் பரவியது. பன்னிரண்டாம் மாதம் நிலம் சும்மா கிடக்கும், உரிமை எதுவும் முளைக்காது. இதை எதிர்த்து 1906-க்குப் பின் சில ஆண்டுகள் இரவோடு இரவாகப் பெரும் மேய்ச்சல்காரர்களின் மாடுகளைப் பல மைல் ஓட்டிவிட்டுச் சிதறடித்தார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுத்த பின்னும் பயிரிட்டவர்கள் கொஞ்சம் பேரே. இருபது முப்பது ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்காது. ஒரு மகனுக்கு நிலம், மற்றவர்களுக்குக் கப்பல் டிக்கெட் என்பதே வழக்கம் ஆயிற்று. 2022 கணக்கெடுப்பில் மேயோவின் மக்கள்தொகை 1,38,000-க்குச் சற்றுக் குறைவு, 1841-இல் இருந்ததில் பாதிகூட இல்லை. லூகன் பிரபு இடித்துத் தள்ளி உண்டாக்கிய புல்வெளியை, சொந்தக்காரர்கள் தாங்களாகவே ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போய் நீட்டித்தார்கள்.

பதினொரு மாதக் குத்தகை இன்னும் இருக்கிறது. ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் விட்டால் வருமான வரிச் சலுகை என்று அரசு ஆசை காட்டியதால் நீண்ட குத்தகைகள் கூடி வருகின்றன. ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. நிலத்தை விற்பதும் அங்கே அரிது. தாத்தா கிஸ்தி கட்டி வாங்கியதை விற்பதற்கு மனம் வராது. மான்செஸ்டரிலோ பாஸ்டனிலோ ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் பெயரில் பன்னிரண்டு ஏக்கர் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் அதில் தம் மாடுகளை விட்டு மேய்த்துவிட்டு, குளிர்காலம் வந்ததும் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஆண்டுக்கு ஒரு முறை வெளிநாட்டுக்குப் பணம் போகும்.